பதினாலாம் பெட் அக்கா கேட்ட கேள்வி: ரோபோ செய்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழகப் பொறியியல் கல்லூரிகளில் ரோபாட்டிக்ஸ் சொல்லிக்கொடுக்கும் பேராசிரியர்களுக்கும், அங்கே படிக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம். நான் தென் மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸ். இருபத்திரண்டு வருட சர்வீஸ். உங்கள் துறையில் படித்தவள் இல்லை. ஆனால் மாணவர்கள் செய்த ரோபோ ஒன்றோடு பதினொரு நாள் ஒரே வார்டில் வேலை பார்த்திருக்கிறேன். அந்தப் பதினொரு நாளில் கண்ணால் பார்த்ததும், பிறகு அதைப் பற்றி எழுதப்பட்டதும் ஒன்றாக இல்லை. அது இத்தனை வருடமாக மனதில் கிடக்கிறது.

2020 ஜூலை. கொரோனா வார்டு. அந்த வருடம் திருச்சியிலும் சென்னையிலும் அரசு மருத்துவமனைகளுக்கு ரோபோ வந்த செய்தியை எல்லோரும் படித்திருப்பீர்கள். எங்களுக்கும் ஒன்று வந்தது. கல்லூரிப் பிள்ளைகள் லாக்டவுனில் பார்ட்ஸ் கிடைக்காமல் அலைந்து, ராத்திரி பகல் பார்க்காமல் செய்தது. நாலு சக்கரம், இடுப்பு உயரம், நடுவில் எவர்சில்வர் தட்டு, மேலே ஒரு டேப்லெட். திரையில் இரண்டு பெரிய கண், சிவந்த உதடு. அதற்கு மேலே ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தார்கள். பெண் பெயர், பெண் குரல். "வணக்கம். தங்கள் மருந்துகளை எடுத்துக்கொள்ளவும்" என்று சொல்லும். கதவுக்கு வெளியே ரிமோட்டோடு இரண்டு பையன்கள் நிற்பார்கள்.

நன்றியை முதலில் சொல்லிவிடுகிறேன். பிபிஇ கிட்டுக்குள் ஆறு மணி நேரம் வேர்த்து ஊற்றி நின்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஒரு ஷிஃப்டில் நாலு தடவை உள்ளே போக வேண்டிய இடத்தில் இரண்டு தடவை போனால் போதும் என்று ஆனது. அந்தப் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும்.

இனி வார்டில் நடந்தது.

ஆண்கள் பக்கம் ரோபோ போனதும் கலகலப்பாகிவிட்டது. வயசுப் பையன்கள் செல்போனைத் தூக்கி வீடியோ எடுத்தார்கள். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், "ஏ பொண்ணு, அப்படியே அந்தத் தண்ணி பாட்டிலயும் எடுத்துக் குடு" என்றார். இன்னொருவர், "கல்யாணம் ஆயிருச்சா?" என்று கேட்க, வார்டே சிரித்தது. எந்நேரமும் எங்களை அதட்டுகிற ஒருவர், ரோபோவையும் அதே குரலில் அதட்டினார். புதிதாக எதுவும் இல்லை. முதல் வருட நர்ஸிங் மாணவிகள் வார்டுக்கு வரும்போது அவர்கள் காதில் விழுகிற அதே பேச்சுதான். பொட்டும் உதடும் வைத்த ஒரு தட்டைப் பார்த்ததும் அந்தப் பேச்சு தானாக வந்துவிட்டது.

பெண்கள் பக்கம் கதை வேறு. பதினாலாம் பெட்டில் ஓர் அக்கா இருந்தார். பூ வியாபாரம். ஒரு கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது, உடம்பில் நைட்டி மட்டும். ரோபோ கட்டிலருகே வந்து நின்றதும் போர்வையைக் கழுத்துவரை இழுத்தார். அது கண்ணை இமைத்து வணக்கம் சொன்னதும் முகத்தையே மூடிக்கொண்டார். கதவருகிலிருந்து ஒரு தம்பி, "பயப்படாதீங்க ஆன்ட்டி, அது ஒண்ணும் பண்ணாது" என்று சத்தம் கொடுத்தான். நல்ல மனசோடு சொன்னான்.

அக்கா போர்வைக்குள்ளிருந்தே என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "சிஸ்டர், இதுல யாரு பாக்குறாங்க?"

எனக்குத் தெரியவில்லை. டேப்லெட்டுக்கு மேலே கேமரா இருந்தது. அதன் படம் யாருடைய போனுக்குப் போகிறது, பதிவாகிறதா, இரவில் யாரிடம் இருக்கிறது, எதுவும் எங்களுக்குச் சொல்லப்படவில்லை. பக்கத்து பெட்டில் பச்சைக் குழந்தைக்காரி ஒருத்தி. பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு எங்கள் பக்கம் ஒன்பது பேரில் ஐந்து பேர் ரோபோவிடம் மாத்திரை வாங்கவில்லை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

கடைசி நாள் பிள்ளைகள் ஒரு ஃபார்ம் கொண்டுவந்தார்கள். சிரிக்கும் முகம், சும்மா இருக்கும் முகம், அழும் முகம் என்று படம் போட்டது. "ரோபோ பிடித்திருக்கிறதா?", "ரோபோவைப் பார்த்தால் பயமாக இருக்கிறதா?" என்று கேள்விகள். யார் பார்க்கிறார்கள் என்று எழுத அதில் இடமே இல்லை. சில வாரம் கழித்து அந்தத் திட்டத்தைப் பற்றி ஸ்லைடு போட்டுப் பேசினார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு ஸ்லைடில் இப்படி இருந்தது: "பெண் நோயாளிகளிடம் தொழில்நுட்ப அச்சம் அதிகம்."

அந்த வரி தப்பு. இந்த மடலே அதற்காகத்தான். அக்கா கேட்டது ஒரு பொறியாளர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கேமராவின் படம் எங்கே போகிறது என்று மொத்த வார்டிலும் அவர் ஒருவர்தான் கேட்டார். அந்தக் கேள்வி பயம் என்கிற கட்டத்துக்குள் ஒரு டிக்காகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

என் மகள் இப்போது மெக்கட்ரானிக்ஸ் இறுதியாண்டு. வயதானவர்களுக்கு மாத்திரை நேரம் நினைவூட்டும் சின்ன ரோபோ ஒன்று அவளுடைய ப்ராஜெக்ட். எத்தனை பேரிடம் காட்டிப் பார்த்தாய் என்று கேட்டேன். முப்பது பேர் என்றாள். யார் யார் என்றால், எல்லாரும் கிளாஸ் பசங்க. வயதானவர்களுக்கான ரோபோவை இருபத்தொரு வயதுப் பிள்ளைகளிடம் காட்டி, "92 சதவீதம் திருப்தி" என்று எழுதி வைத்திருந்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். ரெவ்யூவில் யாரும் அதைக் கேட்கவில்லையாம். எந்த மோட்டார், அதன் சுழற்று விசை (டார்க்) எத்தனை, பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு இருவரும் உட்கார்ந்து உங்கள் துறையில் வந்த ஆய்வுகளை இரவு இரவாகப் படித்தோம். ஆங்கிலத்தில் எனக்குத் தட்டுகிற இடத்தில் அவள் சொல்லித்தந்தாள், மருத்துவம் வருகிற இடத்தில் நான் சொன்னேன். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 2009-ல் ஓர் ஆய்வு. நாற்பது வயதைத் தாண்டியவர்களை இரண்டு வயதுக் குழுக்களாகப் பிரித்து, ரோபோவை விட்டு ரத்த அழுத்தம் பார்க்க வைத்திருக்கிறார்கள். வயதால் பெரிய வித்தியாசம் வரவில்லை. ஆண் பெண் என்பதால் வந்தது: மருத்துவத்தில் ரோபோவை ஆண்கள் கூடுதலாக ஏற்றுக்கொண்டார்கள். படித்ததும் எனக்குப் பதினாலாம் பெட்தான் ஞாபகம் வந்தது. அந்தப் பெண்கள் ஏன் தயங்கினார்கள் என்று அவர்களிடமே உட்கார்ந்து கேட்காமல் அந்த எண்ணை மட்டும் நாம் எடுத்துக்கொண்டால், எங்கள் ஸ்லைடில் எழுதியதைத்தான் மறுபடியும் எழுதுவோம்.

2012-ல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் மக்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பில் 70 சதவீதம் பேர் ரோபோக்களைப் பற்றி நல்ல அபிப்பிராயம் சொல்லியிருக்கிறார்கள். குழந்தைகள், முதியவர்கள், மாற்றுத்திறனாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் ரோபோவைத் தடை செய்ய வேண்டும் என்று 60 சதவீதம் பேர் சொன்னதும் அதே கணிப்பில்தான். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ரோபோ பிடிக்குமா என்ற கேள்வியே அரைகுறை. எந்த வேலைக்கு, யார் உடம்புக்குப் பக்கத்தில் என்று கேட்டால் பதில் மாறிவிடுகிறது.

நாட்டை வைத்து முடிவு கட்டுவதும் எடுபடவில்லை. ஜப்பான்காரர்கள் என்றால் ரோபோவுக்கு உயிரையே கொடுப்பார்கள் என்று நானும் நினைத்திருந்தேன். ஏழு நாட்டு மக்களிடம் ஐபோ என்ற ரோபோ நாயை முன்வைத்துக் கேட்ட ஆய்வு 2007-ல் வந்திருக்கிறது. அதில் ஜப்பானியர்கள் அப்படி ஒன்றும் மற்றவர்களை மிஞ்சிவிடவில்லை, அமெரிக்கர்கள்தான் முன்னால் நின்றார்கள். எங்கள் வார்டிலும் ஒரு பாட்டி இருந்தார். எண்பதுக்கு மேல் வயது, பார்க்க ஆள் வராத கேஸ். எல்லோரும் அவர்தான் மிரளப்போகிறார் என்று நினைத்தோம். அவர் தினமும் அதற்காகக் காத்திருந்து, "சாப்பிட்டியாடி?" என்று கேட்பார். அது மாத்திரையைப் பற்றிச் சொல்லும். "சரி சரி, போய் மத்தவங்களப் பாரு" என்று அனுப்பிவைப்பார். ஃபார்மில் அவர் பெயரே இல்லை. கையெழுத்துப் போடத் தெரியாததால் விட்டுவிட்டார்களாம்.

பொட்டுக்கும் பெண் குரலுக்கும் வருகிறேன்.

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் ஒரே ரோபோ தலைக்கு ஒரு தடவை நீள முடியும் ஒரு தடவை குட்டை முடியும் வைத்துக் காட்டினார்கள். 2012-ல் வந்த ஆய்வு. நீள முடி வைத்ததும் அதைக் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஏற்றது என்றார்கள். குட்டை முடி வைத்ததும் பழுது பார்க்கவும் காவல் காக்கவும் ஏற்றது என்றார்கள். உள்ளே ஒரு ஒயர் மாறவில்லை. அதற்கு முன்பே 1997-ல் அமெரிக்காவில் வெறும் கணினிக்கு ஆண் குரலும் பெண் குரலும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆண் குரலில் வந்த பாராட்டைத்தான் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள். அப்படி எடுத்துக்கொண்டவர்களில் பெண்களும் இருந்தார்கள். எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2009-ல் ஒரே ரோபோவை இரண்டு குரலில் நன்கொடை கேட்கவிட்டார்கள். பெண் குரல் கேட்டபோது ஆண்கள் கூடுதலாகக் கொடுத்தார்கள். பெண்களுக்கு எந்தக் குரலும் பெரிய வித்தியாசம் இல்லை.

இதெல்லாம் உங்களுக்குப் பாடத்திட்டத்திலேயே இருக்கலாம். அப்படியிருந்தும் நம் பக்கம் வரவேற்பு, பரிமாறல், பாடம் சொல்லிக்கொடுத்தல் என்று வந்துவிட்டால் சேலை தேடுகிறோம். 2017-ல் சோபியா என்ற பெண் உருவ ரோபோ மும்பை ஐ.ஐ.டி. விழாவுக்கு வந்தபோது சேலை கட்டிவிட்டார்கள். 2019-ல் கேரளக் காவல் துறை ஒரு ரோபோவுக்கு சப்-இன்ஸ்பெக்டர் பதவி கொடுத்தது, பெண் உருவம், வேலை தலைமையகத்துக்கு வருகிறவர்களை வரவேற்பது. 2024-ல் திருவனந்தபுரத்துப் பள்ளியில் வந்த ஆசிரியை ரோபோ ஐரிஸும் சேலையில்தான். இஸ்ரோவின் வியோமித்ரா ரோபோவைப் பார்த்தபோது மட்டும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். விண்கலத்துக்குள் உட்கார்ந்து பேனலைப் பார்க்கிற வேலைக்கு ஒரு பெண் உருவம். எங்கள் வார்டுக் குழந்தைகளில் யாரோ அதைப் பார்த்து வேறு மாதிரி நினைக்க வாய்ப்பு இருக்கிறது. மாத்திரைத் தட்டுக்குப் பெண் முகம் வைத்தால், அதட்டி வேலை வாங்குகிற பழக்கத்துக்கு நீங்கள் இன்னொரு ஆளைக் கொடுக்கிறீர்கள். ஒரு பெட்டிக்குப் பெட்டியின் முகம் போதும்.

எங்கள் ஆயாம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. ஒப்பந்தப் பணியாளர். வார்டைப் பெருக்குவது, பெட்பேன் எடுப்பது, வாந்தியைக் கழுவுவது எல்லாம் அவர் தலையில். ரோபோ வந்த முதல் நாள் எல்லோரும் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். "ஈரத் தரையில வழுக்காதா?" என்றார். மூன்றாம் நாள் சோப்புத் தண்ணீரில் அது நிஜமாகவே வழுக்கிச் சுவரில் மோதியது. பிறகு என்னிடம் தனியாகக் கேட்டார்: "மாத்திர குடுக்கத்தான் நீங்கல்லாம் இருக்கீங்களே சிஸ்டர். இத பெட்பேன் தூக்கச் சொல்லக்கூடாதா?" கொஞ்ச நேரம் கழித்து அவரே, "தூக்கிட்டா என்னைய நிப்பாட்டிருவாங்களோ?" என்றார்.

இரண்டு கேள்வியும் ஒரே வாயிலிருந்து வந்தது. அந்த வேலை ஒழிய வேண்டும் என்ற ஆசையும், அந்த வேலை போய்விடுமோ என்ற பதைப்பும் ஒரே ஆளிடம் இருந்தது. சம்பளம் உறுதியாக இருக்கிற எனக்கு அந்த இரண்டாவது கேள்வி தோன்றவே இல்லை. உங்கள் மாணவர்களுக்கும் தோன்றியிருக்காது. அந்த வேலைக்குக் காலம் காலமாக யார் யார் வருகிறார்கள், எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை.

ரோபோ என்ற சொல் 1920-ல் எழுதப்பட்ட ஒரு செக் நாடகத்திலிருந்து வந்தது என்று மகள் காட்டினாள். 'ரொபோட்டா' என்றால் நிலப்பிரபுவுக்குக் கூலியில்லாமல் செய்ய வேண்டிய கட்டாய உழைப்பு. நம் சோழர் காலக் கல்வெட்டுகளில் அதற்கு வெட்டி என்று பெயர். அந்தச் சொல்லின் பாரம் ஆயாம்மாவின் உடம்புக்குத் தெரியும். அதனால்தான் ரோபோவைப் பார்த்ததும் அவர் முகத்தை விட்டுவிட்டு வேலையைப் பார்த்தார்.

இந்த விஷயத்தைச் சரியாக யோசித்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். மனிதக் கழிவை மனிதர் அள்ளத் தடை விதித்து 2013-ல் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் சாவு நிற்கவில்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்த வேண்டியிருந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய ஹோமோசெப் என்ற ரோபோவைச் செய்தார்கள். அதன் கத்திகள் தலைகீழ்க் குடை மாதிரி தொட்டிக்குள் போய் விரிந்து, இறுகிப்போன கசடைக் கலக்கிவிடும். இந்தக் கழிவு அள்ளும் வேலையை ஒழிக்கப் போராடும் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் அமைப்பின் துணையோடு தூய்மைப் பணியாளர்களிடம் போனார்கள். 2022-ல் முதல் இயந்திரங்களைக் கொடுத்தது, இந்த வேலையில் கணவனைப் பறிகொடுத்த பெண்கள் நடத்தும் சுயஉதவிக் குழுக்களுக்கு.

அந்தச் செய்தியைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கணவனை விழுங்கிய தொட்டிக்குள் இறங்கும் இயந்திரம் அந்தப் பெண்ணின் பொறுப்பில் இருக்கிறது. அவருக்கு ரோபோ பிடித்திருக்கிறதா என்று சிரிக்கும் முகம், அழும் முகம் காட்டிக் கேட்க முடியுமா? ஆயாம்மாவின் இரண்டாவது கேள்விக்கும் அங்கேதான் ஒரு பதில் இருக்கிறது. இயந்திரம் வேலைக்காரர் கைக்கே வந்தால் யாரும் அவரை நிறுத்த முடியாது.

பேராசிரியர்களே, உங்களிடம் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. ரெவ்யூவில் டார்க் கேட்கும்போது கூடவே யாரிடம் காட்டினாய், அவர்கள் என்ன வேலை செய்கிறவர்கள் என்று கேளுங்கள். ஹாஸ்டல் பசங்க முப்பது பேர் என்றால் திருப்பி அனுப்புங்கள். ஃபார்மில் ஆண், பெண், வயது என்று மூன்று கட்டம் போட்டுவிட்டு அதோடு நிறுத்தாதீர்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர் சொல்வதை எழுதிக்கொள்ள ஓர் ஆள் உட்கார வேண்டும். பெண்கள் வார்டு என்றால் மாணவிகள் வர வேண்டும். தங்கள் மருந்துகளை எடுத்துக்கொள்ளவும் என்று யாரும் யாரிடமும் பேசுவதில்லை, அவரவர் ஊர்ப் பேச்சில் பேச வையுங்கள். கேமரா வைத்தால் அதற்கு ஒரு மூடி வையுங்கள், நோயாளி கையால் மூடித் திறக்கிற மாதிரி. படம் எங்கே போகிறது என்று பெரிய எழுத்தில் தமிழில் அதன் மேலேயே ஒட்டுங்கள். என் மகள் தன் ரோபோவுக்குப் பழைய ஊறுகாய் பாட்டில் மூடியை வெட்டி அப்படி ஒன்று வைத்திருக்கிறாள். அம்மாச்சி தெருவில் பதினேழு வீட்டுக்குக் கொண்டுபோனாள். திருப்திக் கணக்கு பாதியாகக் குறைந்துவிட்டது. நோட்டு நிரம்பிவிட்டது.

தம்பி தங்கைகளே, எங்கள் வார்டில் ரோபோ ஓட்டிய அந்தப் பிள்ளைகள் இதைப் படித்தால் வருத்தப்பட வேண்டாம். நீங்கள் இல்லாவிட்டால் நாங்கள் இன்னும் இரண்டு பேரை இழந்திருப்போமோ என்று சில ராத்திரி நினைத்திருக்கிறேன். அடுத்த முறை செய்யும்போது, வரைபடம் போடுவதற்கு முன்னால் வாருங்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு டூட்டி மாறும். அப்போது கொஞ்சம் பேச நேரம் இருக்கும். ஆயாம்மா இன்னும் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார். எந்தத் தரை எப்போது ஈரமாக இருக்கும் என்பதிலிருந்து ஆரம்பித்து எல்லாம் சொல்லுவார்.

பதினாலாம் பெட் அக்கா குணமாகிப் போய், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மறுபடி பூக்கடை போட்டிருக்கிறார். போன மாதம் மல்லிகை வாங்க நின்றபோது, முழம் போட்டுக்கொண்டே கேட்டார்: "சிஸ்டர், அன்னிக்கு அதுல யாரு பாத்தாங்கன்னு கடசிவரைக்கும் தெரிஞ்சுச்சா?"

இல்லை என்றேன். உங்களில் யாருக்காவது தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். அக்காவிடம் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
வார்டு நர்ஸ் ஒருத்தி